சேங்கொட்டைப் புள்ளி

திருச்சியில் கண் மருத்துவமனையில் அப்பாவின் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கோடு போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள். நட்டநடுவில் ஒரு புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியை மட்டும் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா.

"கோடெல்லாம் நேரா இருக்குங்களாய்யா?"

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "ஓரத்துல நேராத்தாம்மா இருக்கு. நடுவுலதான் வலை நைஞ்ச மாதிரி நெளியுது. புள்ளி இருக்கிற இடமே தெரியலை."

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் விழித்திரை. அதன் நடுவில் மஞ்சளாகச் சின்னதாய் ஒரு புள்ளி. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்தப் புள்ளியின் வேலை. வயதாக ஆக அது தேய்கிறது. அந்தப் புள்ளிக்கு மாக்குலா என்று பேர் என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மனுஷர் அப்பா. அந்தச் சொல்லைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினார். "மாக்குலான்னா லத்தீன்ல கறை. அதிலேருந்து வந்ததுதானே இம்மாக்குலேட்? கறையில்லாதது, புள்ளியில்லாததுன்னு எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். இப்ப எனக்குப் புள்ளி போயிடுச்சுங்கறாங்க."

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது அவர் பேசவே இல்லை. எனக்கு இம்மாக்குலேட் என்ற அந்தச் சொல் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதை நான் முதலில் கேட்டது பாடமாக அல்ல, ஆள் பெயராக. 1986இல் ஒன்பதாம் வகுப்பு. அரியலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது அமலா என்று ஒரு பெயர் வரும். நாலைந்து பெயர் தள்ளி இம்மாக்குலேட் என்று ஒரு பெயர் வரும். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இரண்டுமே சாதாரணமாக வைக்கிற பெயர்கள். இம்மாக்குலேட்டை அவளுடைய அம்மாயி அமலோற்பவம் என்றுதான் கூப்பிடுமாம். "மூணும் ஒரே பேருதான்" என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. அப்பாவிடம் வந்து கேட்டேன்.

அப்பா பலகையில் எழுதுவதுபோல விரலால் திண்ணையில் எழுதிக் காட்டினார். 'மாக்குலா' என்றால் கறை. முன்னால் 'இம்' சேர்த்தால் இல்லை என்று ஆகும். வடமொழியில் 'மலம்' என்றால் அழுக்கு. முன்னால் 'அ' சேர்த்தால் அமலம். தமிழில் மாசு, மறு. பின்னால் 'அற்ற' சேர்த்தால் மாசற்ற, மறுவற்ற. "மூணு பாஷையும் ஒரே மாதிரிதான்டா யோசிச்சிருக்கு. முதல்ல கறையைச் சொல்லிட்டு அப்புறம் அது இல்லைன்னு சொல்லுது. கறையைச் சொல்லாம சொல்லணும்னா தூய்மைன்னு தனியா ஒரு தமிழ்ச்சொல் இருக்கு."

அந்த ஆங்கிலச் சொல் 15ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. முதலில் வந்தது தேவாலயத்து வழியாக. பாவக்கறை படியாத ஆன்மாவைச் சொல்வதற்காக. சட்டைக்கும் மேசைவிரிப்புக்கும் வீட்டுத் தரைக்கும் அது இறங்கிவந்தது பின்னால். இன்று எழுத்துப்பிழை இல்லாத விடைத்தாளுக்கும், அளவு தப்பாமல் ஒரே இடத்தில் பந்து வீசுகிறவருக்கும் அதே சொல்தான்.

அமலோற்பவம் என்பதில் பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. இயேசு ஆண் துணையின்றிக் கன்னியிடம் பிறந்ததைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று படித்தவர்களே எழுதிவிடுகிறார்கள். அது அதுவல்ல. மரியாள் தன் தாய் அன்னாளின் வயிற்றில் கருவான அந்தக் கணத்திலிருந்தே சென்மப் பாவத்தின் கறை இல்லாதவள் என்பதுதான் அதன் பொருள். காலங்காலமாக இருந்த நம்பிக்கை. 1854 டிசம்பர் 8ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதைத் திருச்சபையின் கோட்பாடாக அறிவித்தார். அமலம், உற்பவம்: கறையற்ற தோற்றம். பாண்டிச்சேரியில் சம்பா கோவில் என்று சனங்கள் சொல்கிற பேராலயம் இந்த அமலோற்பவ அன்னையின் பெயரால் எழுந்ததுதான்.

அந்த வருஷம் இம்மாக்குலேட்டின் வீட்டாரோடு நாங்களும் ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குப் போனோம். அரியலூரிலிருந்து திருமானூர்ப் பக்கம் போகிற பஸ். கொள்ளிடத்துக்கு வடக்கே, வயலும் மரங்களுமாக இருக்கிற ஊர். அடைக்கல மாதா கோவில். மொட்டை போட்டுக்கொண்டவர்கள், நடந்தே வந்தவர்கள், மஞ்சள் புடவை கட்டிய இந்துப் பெண்கள் என்று கூட்டம் கலந்துதான் இருந்தது. அப்பாவுக்கு மாதாவைவிட அந்த ஊரில் தங்கியிருந்த மனிதர் மேல்தான் பக்தி.

இத்தாலியில் 1680இல் பிறந்து, சேசு சபைத் துறவியாகி, 1710இல் இந்தியாவுக்கு வந்த கான்ஸ்டன்சோ பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர். இந்த ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அதன் மேல் கலம்பகம் பாடியவர். சூசையப்பரைத் தலைவராக வைத்து மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணி எழுதியவர். அவர் 1732இல் செய்த சதுரகராதியைப் பற்றித்தான் அப்பா அன்று வழியெல்லாம் பேசினார். அதுவரை தமிழ் படிக்கிறவன் சொற்பொருள் தெரிய பெரும்பாலும் நிகண்டைப் பாட்டாக மனப்பாடம் செய்யவேண்டும். வீரமாமுனிவர் சொற்களை அகரவரிசையில் நிறுத்தினார்; பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. எழுத்து தெரிந்த யாரும் தேடி எடுத்துக்கொள்ளலாம். "சொல்லுக்குப் பொருள் தெரிஞ்சுக்க வித்வான் வீட்டு வாசல்ல நிக்க வேண்டாம்னு பண்ணினாரு பாரு, அதுக்கே அவருக்குக் கோவில் கட்டலாம்" என்றார் அப்பா. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் நிறுத்திய சிலைகளில் அவருடையதும் ஒன்று.

அவர் புள்ளி ஒன்றையும் எடுத்தார். பழைய ஏட்டெழுத்தில் எகரமும் ஒகரமும் குறில் என்று காட்ட மேலே புள்ளி வைக்கவேண்டும்; புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலரும் புள்ளியை விட்டுவிடுவார்கள். எரியா ஏரியா என்று படிக்கிறவன்தான் இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அவர் குறிலின் புள்ளியை நீக்கிவிட்டு நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். நாம் இன்று எழுதுகிற ஏயும் ஓவும் அந்த வழியில் வந்தவை. மெய்யெழுத்தின் புள்ளியோ அப்படியே நிற்கிறது. அது இல்லையென்றால் தமிழ் படிக்கவே வராது. புள்ளி கறையல்ல என்று எனக்குத் தோன்றிய முதல் இடம் அது. அன்று தோன்றவில்லை, இன்று பஸ்ஸில்தான் தோன்றியது.

அமலம் என்ற சொல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல. சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று மலங்களைச் சொல்லி, அவை ஒட்டாத இறைவனை நின்மலன் என்கிறது. ஸ்ரீரங்கத்துப் பெருமாளைப் பாடிய திருப்பாணாழ்வார், தம்முடைய பத்துப் பாசுரங்களை அமலன் என்ற சொல்லில்தான் தொடங்கினார். அதனாலேயே அந்தப் பாசுரங்களுக்கு அமலனாதிபிரான் என்று பேர்.

பாடியவர் யார் என்பதைப் பார்க்கவேண்டும். அவர் உறையூரில் பாணர் குடியில் வளர்ந்தவர். தம் காலடி பட்டால் அரங்கம் தீட்டாகிவிடும் என்று காவிரிக்கரையிலேயே நின்று யாழ் வாசித்துப் பாடினாராம். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகிப் போகச் சொல்லிக் கூப்பிட்டார். பாட்டில் மூழ்கியிருந்தவர் காதில் விழவில்லை. முனிவர் கல்லை விட்டெறிந்தார்; பாணர் நெற்றியில் ரத்தம். கோவிலுக்குள் போனால் அரங்கன் நெற்றியிலும் ரத்தம். பாணரைத் தோளில் சுமந்துகொண்டு வா என்று ஆணை. முனிவர் சுமந்து போனார்; ஆழ்வாருக்கு முனிவாகனர் என்று பெயர் வந்தது. குருபரம்பரை சொல்கிற கதை இது. ஊர் யாரைக் கறை என்று தள்ளிவைத்ததோ, அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் 'கறையில்லாதவன்'.

இந்தக் கதை நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் ஏகாலித் தாத்தாவின் முகம்தான் வரும்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே மருதையாற்றங்கரையில் எங்கள் ஊர். பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் சேர்கிற ஆறு. வருஷத்தில் பாதி நாள் மணல்தான். ஊற்றுத் தோண்டினால் தண்ணீர். அந்தத் துறையில் நாலைந்து சலவைக்கல். தாத்தாவும் ஆயாவும் விடியுமுன்பே கழுதையில் மூட்டை ஏற்றிக்கொண்டு போவார்கள். உவர்மண்ணைக் கரைத்த தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து, வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவி ஏற்றுவார்கள். மறுநாள் கல்லில் அடித்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மணலில் விரிப்பார்கள்.

நீலம் எதற்கு என்று நான் ஆயாவைக் கேட்டிருக்கிறேன். "பருத்தித்துணி துவைக்கத் துவைக்கப் பழுப்புத் தட்டும் சாமி. துளி நீலம் விட்டாத்தான் வெள்ளை வெள்ளையாத் தெரியும்" என்றது. மஞ்சளை நீலம் அடக்கிவிடும், கண் அதை வெண்மை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நிறத்தைச் சேர்த்துத்தான் நிறமில்லாததுபோலக் காட்டவேண்டும்.

எங்கள் பக்கத்தில் அழுக்கும் வெள்ளைதான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகிற ரோட்டோரத்தில் செடி, கொடி, கூரை, சட்டைக் காலர் எல்லாவற்றிலும் மாவு தூவியதுபோல் படிந்திருக்கும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும் படிந்த கல்தான் இன்று சிமெண்டாகிறது. அந்தத் தூசியைத் தாண்டி அப்பாவின் வேட்டி தினமும் பளீரென்றுதான் இருக்கும்.

வேட்டியின் மூலையில் மட்டும் ஒரு குறி. ஒரு கோடு, அதன் கீழே மூன்று புள்ளி. அதுதான் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுக்குக் கோட்டின் மேலே இரண்டு புள்ளி. இருநூறு வீட்டுத் துணியும் ஒன்றாக வெந்து ஒன்றாகக் காய்ந்தாலும், எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா ஒன்றைக்கூட மாற்றிக் கொடுத்தது கிடையாது. குறி போடுவது சேங்கொட்டையால். முந்திரிக்கொட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு அது. கறுப்பாக, இதய வடிவில் இருக்கும். தாத்தா ஊசியால் குத்தி, கசிகிற பாலைத் தொட்டுத் துணியில் வைத்து, மேலே சுண்ணாம்புத் தண்ணீர் தடவுவார். கறுத்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. நான் ஒருமுறை கொட்டையை எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "தொடாதீங்க சின்னய்யா, தோலு வெந்துபோயிரும்." அவருடைய விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன.

அவருக்கு அறுபது வயதுக்கு மேல். நான் பத்து வயதுப் பையன். அவர் என்னைச் சின்னய்யா என்பார். நான் அவரைப் பெயர் சொல்லி வா, போ என்பேன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. களத்தில் நெல் அளக்கும்போது அவருக்கு உள்ளதை அளப்பார்கள். சாயங்காலம் ஆயா குண்டானோடு வந்து கொல்லைப்புறத்தில் நின்று, "சோறு போடுங்கம்மா" என்று குரல் கொடுக்கும். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும், பெண்கள் தீட்டுத்துணிக்கும், எழவு வீட்டு மாற்றுக்கும் அவர்கள் வேண்டும். வாசல் வழியாக மட்டும் வரக்கூடாது. ஊரின் கறையையெல்லாம் எடுத்தவர்களை ஊர் கறை என்றது. இதை எழுத எனக்கு ஐம்பது வயது ஆகவேண்டியிருந்தது என்பதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அந்த ஒன்பதாம் வகுப்பில் அப்பா இம்மாக்குலேட் என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார். நான் எழுதிக்கொண்டுபோனது: என் அப்பா மாசற்ற வெள்ளை வேட்டி கட்டுகிறார். எல்லோரும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, "இலக்கணம் சரி. கட்டினவனைச் சொல்லியிருக்கே, துவைச்சவரைக் காணோமே" என்றார். வகுப்பு சிரித்தது. வீட்டுக்கு வந்தபிறகு வேறொன்றும் சொன்னார்: "நாளையிலேருந்து அவரை வாங்க தாத்தான்னு கூப்பிடு." கூப்பிட்டேன். முதல் நாள் அவர் திரும்பிப் பார்த்தது வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்றுதான்.

அதே மருதையாற்றைப் பற்றி அப்பா சொல்கிற இன்னொரு கதை உண்டு. 1956 நவம்பர் 23. அப்பா அப்போது சின்னப் பையன். பெருமழை, ஆற்றில் வெள்ளம். அரியலூர் அருகே ரயில் பாலம் அரித்துக்கொண்டு போனது தெரியாமல் விடியற்காலையில் வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சனங்கள் கயிறும் கழியுமாக ஓடியதை அப்பா இன்னும் சொல்வார். ரயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்துக்காக அவர் கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். இந்த முறை ஏற்கப்பட்டது.

பாலத்தைக் கட்டியவர் அவரல்ல, மழையைப் பொழிந்தவரும் அவரல்ல. அவர் கையில் கறை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும், என் பொறுப்பில் நடந்தது, இது என்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். பொதுவாழ்வில் மாசற்றவர் என்று இன்றுவரை அவர் பெயரைச் சொல்வதற்கு அதுதான் முதல் காரணம். கறையைத் தட்டிவிட்டு அவர் அந்தப் பெயரை வாங்கவில்லை. தன்மேல் எழுதிக்கொண்டு வாங்கினார்.

இப்போது அரியலூர் தனி மாவட்டம். 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, 2002இல் மறுபடி சேர்ந்தது, 2007இல் மீண்டும் பிரிந்தது. மீண்டும் பிரிந்த அந்த நாளும் ரயில் விழுந்த அதே நவம்பர் 23தான்.

பெரம்பலூரில் இறங்கி டவுன் பஸ் மாறி ஊருக்கு வந்து சேர இருட்டிவிட்டது. துறையில் இப்போது சலவைக்கல் இல்லை. தாத்தாவும் ஆயாவும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயின. அவர்கள் பேரன் அரியலூரில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். சீட்டில் எண் எழுதிக் குத்துகிறார். யார் வீட்டுக் கொல்லையிலும் நிற்கவேண்டியதில்லை.

அப்பா பெட்டியைத் திறந்து பழைய வேட்டி ஒன்றை எடுத்தார். முகத்தை நேராக வைத்தால் அவருக்கு நடுவில் இருப்பது தெரியாது. இப்போதெல்லாம் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார். விளக்கடியில் துணியின் மூலையைப் பிடித்துக்கொண்டு அப்படியும் இப்படியும் சாய்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார்.

"இருக்கா பாரு."

இருந்தது. துணி பழுத்து நைந்துவிட்டது. கோடும் மூன்று புள்ளியும் அப்படியே கறுகறுவென்று இருந்தன.

லத்தீனில் மாக்குலா என்ற சொல்லுக்குக் கறை என்பதோடு வலையின் கண் என்றும் ஒரு பொருள் உண்டு என்று அப்பா அப்போது சொன்னார். தமிழிலும் நாம் வலைக்கண் என்றுதான் சொல்கிறோம். நூல் இல்லாத அந்த இடங்களும் சேர்ந்ததுதான் வலை. நம் கண்ணிலும் கூர்மையாகப் பார்ப்பது அந்தப் புள்ளி ஒன்றுதான். நிலவுக்கும் மறு உண்டு, அதை வைத்துத்தான் பாட்டிமார் குழந்தைக்கு முயலைக் காட்டினார்கள்.

இம்மாக்குலேட் நல்ல சொல். துணிக்குச் சொல்லலாம், கையெழுத்துக்குச் சொல்லலாம், செய்நேர்த்திக்குச் சொல்லலாம். கடவுளுக்கும் தாய்க்கும் சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஆனால் பிறப்பை வைத்து ஒரு மனிதரைக் கறை என்றும் இன்னொருவரைக் கறையற்றவர் என்றும் பிரிக்க எந்த மொழியின் எந்தச் சொல்லுக்கும் உரிமை கிடையாது. அடுத்தமுறை வெள்ளை வெளேரென்ற ஒன்றைப் பார்த்து மாசற்றது என்று சொல்ல வாயெடுத்தால், அதைத் துவைத்த கை யாருடையது என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கையின் விரல்கள் கறுத்திருக்கும்.